குடியை விட்டவங்க ஏன் எப்பப் பார்த்தாலும் ஒண்ணாவே சுத்துறாங்க?

கேட்ட சகோதரியோட கேள்வியைச் சுருக்கமா முதல்ல சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. வீட்டுக்காரர் மறுவாழ்வு வார்டுல இருந்து வந்து நாலு மாசம் ஆச்சு, ஒரு சொட்டு தொடல. ஆனா தினமும் சாயங்காலம் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையா சேர்ற அமைப்பு) மீட்டிங்னு கிளம்பிடறார், முடிஞ்சப்புறமும் டீக்கடையில நின்னு பேசிட்டு ஒன்பது மணிக்கு மேலதான் வீட்டுக்கு வர்றார், ராத்திரி பதினோரு மணிக்கு போன் வருது, இப்ப எல்லாரும் சேர்ந்து வேன் பிடிச்சு ரெண்டு நாள் வெளியூர் மாநாட்டுக்கு வேற போறாங்களாம். அன்னைக்கு குடிக்கிற கூட்டாளி, இன்னைக்கு குடிக்காத கூட்டாளி, வீட்டுக்கு மட்டும் அப்பவும் ஆளில்ல இப்பவும் ஆளில்ல, இது சரியான்னு கேக்கறாங்க.

நான் பல வருஷமா குடிநோய் வார்டுல சமூகப் பணியாளரா வேலை பார்க்கிறேன். அந்த அனுபவத்துல சொல்றேன்மா, அவர் சரியான இடத்துலதான் இருக்கார். உங்க கோபமும் சரியான கோபம்தான். ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்க முடியும், அதனாலதான் இவ்ளோ பெருசா எழுதறேன்.

வார்டுல நாங்க பண்றது ரொம்பக் கொஞ்சம். குடிச்சிட்டிருந்த உடம்புக்கு திடீர்னு நிறுத்தினா கை நடுங்கும், தூக்கம் வராது, சிலருக்கு வலிப்பு வரும், ஜன்னி கண்டு சுவத்துல பூச்சி ஓடுதும்பாங்க. அதுக்கு மருந்து குடுத்து, தயமின்ங்கற வைட்டமின் ஊசி போட்டு, ஒரு வாரம் பத்து நாள்ல ஆளை நேராக்கிடலாம். அதுக்கப்புறம் கவுன்சிலிங் அது இதுன்னு ஒரு மாசம் வரைக்கும் வச்சுக்கறோம். அதோட எங்க வேலை முடிஞ்சுது, அவர் வீட்டுக்கு வந்துடறார். வந்ததும் என்ன இருக்கு? சாயங்காலம் ஆறு மணி இருக்கு. இருபது வருஷமா அந்த ஆறு மணிக்கு கால் தானா எங்க போச்சோ அந்தக் கடை அதே இடத்துல, மதியம் பன்னெண்டுல இருந்து ராத்திரி பத்து வரைக்கும் திறந்திருக்கு. அங்க ஆளும் இருக்காங்க. டாஸ்மாக் வாசல்ல முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேர் "கட்டிங் வர்றீங்களா"ன்னு கேட்டு ஒரு குவார்ட்டரை ஆளுக்குப் பாதியா ஊத்திக்கிட்டு, அஞ்சு நிமிஷத்துல "மாப்ள"ன்னு தோள்ல கை போட்டுக்கறதை பஸ் ஸ்டாப்ல நின்னு நீங்களே பார்த்திருப்பீங்க. அவ்ளோ சுலபமா ஒரு துணை கிடைச்சிட்டிருந்த மனுசனுக்கு, விட்ட அடுத்த நாள்ல இருந்து யாருமே இல்ல. பழைய ஆளுங்க கூட நிக்க முடியாது. ஆபீஸ்ல எவனும் நம்ப மாட்டான். வீட்ல பொண்டாட்டி புள்ளைங்க பயந்து பயந்து மூஞ்சியைப் பார்க்கறாங்க, பாத்ரூம் போயிட்டு லேட்டா வந்தாக்கூட வாயை மோந்து பார்க்கறாங்க (அதுல தப்பே இல்ல, பட்டவங்க பயப்படத்தான் செய்வாங்க). அந்த ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும் உள்ள மூணு மணி நேரத்துக்கு மாத்திரை கிடையாது. அதைத்தான் அந்த மீட்டிங்கும் டீக்கடையும் நிரப்புது.

மீட்டிங்ல என்னதான் நடக்குதுன்னு கேட்டிருந்தீங்க. பெருசா ஒண்ணும் இல்ல. பெரும்பாலும் ஒரு சர்ச் ஹால், இல்லன்னா ஸ்கூல்ல ஒரு கிளாஸ் ரூம். அஞ்சாங்கிளாஸ் புள்ளைங்க உக்கார்ற பெஞ்சுல பெரிய பெரிய ஆளுங்க முட்டி இடிக்க உக்காந்திருப்பாங்க. ஒருத்தர் எழுந்து பேரைச் சொல்லி "நான் ஒரு குடிநோயாளி"ம்பார், எல்லாரும் வணக்கம் சொல்லுவாங்க, அவர் தன் கதையைச் சொல்லுவார். முக்கியமான விஷயம், யாரும் குறுக்க பேசக்கூடாது. அறிவுரை, கேள்வி, "நீ அப்படிப் பண்ணியிருக்கலாம்" எதுவும் கிடையாது. குடிச்சுட்டு அம்மா தாலியை அடகு வச்சதைக்கூட ஒருத்தர் சொல்லுவார், எதிர்ல இருக்கறவங்க தலையை மட்டும் ஆட்டுவாங்க, ஏன்னா அதுல பாதிப்பேர் அதையே பண்ணவங்க. நடுவுல ஒரு பை சுத்தி வரும், இருக்கறவங்க பத்தோ இருபதோ போடலாம், இல்லாதவங்க சும்மா தள்ளிவிடலாம். சந்தா கிடையாது, வெளியாள் நன்கொடை குடுத்தா வாங்க மாட்டாங்க. சேர்றதுக்கு ஒரே தகுதி, குடியை விடணும்ங்கற ஆசை. ஜாதி, படிப்பு, சம்பளம் எதையும் கேக்க மாட்டாங்க, அதனால ரிட்டயர்ட் பேங்க் மேனேஜரும் மூட்டை தூக்கறவரும் ஒரே பெஞ்சுல உக்காந்து ஒரே பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சுச் சாப்பிடறதை நம்ம ஊர்ல நான் வேற எங்கயும் இவ்ளோ இயல்பா பார்த்ததில்ல.

ஆனா என்னைக் கேட்டா மீட்டிங்கை விட மீட்டிங் முடிஞ்ச அப்புறம் நடக்கறதுதான் ஆளைக் காப்பாத்துது. டீக்கடையில அவங்க பேசறது என்னன்னு நினைக்கறீங்க, பாதி நேரம் குடியைப் பத்தியே இருக்காது. பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ், பைக்குக்கு இன்ஜின் ஆயில், மேஸ்திரி சம்பளத்துல பிடிச்ச காசு, கிரிக்கெட், இப்படித்தான் போகும். குடிக்காம சும்மா நின்னு பேசறதுங்கறதே பல பேருக்கு மறந்து போன விஷயம், அதைப் புதுசா கத்துக்கறாங்க. எல்லார் பாக்கெட்டுலயும் கடலை மிட்டாயோ சாக்லேட்டோ இருக்கும், விட்ட புதுசுல இனிப்புக்கு நாக்கு அலையும். பசி, கோபம், தனிமை, அசதி இந்த நாலும் வந்தா உஷாரா இருன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவாங்க. கேக்க சின்ன விஷயமா தெரியும், ஆனா காலைல இருந்து சாப்பிடாம சாயங்காலம் மேனேஜர்கிட்ட திட்டு வாங்கிட்டு வர்ற ஒருத்தனுக்கு "அண்ணே முதல்ல ரெண்டு பரோட்டா சாப்பிடு, அப்புறம் பேசு"ன்னு சொல்ற ஆள் பக்கத்துல இருக்கறது எவ்ளோ பெரிய வித்தியாசம்னு நான் கண்ணால பார்த்திருக்கேன்.

சனிக்கிழமைன்னா கட்டட வேலை செய்றவங்களுக்கு வாரக்கூலி கையில வரும். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குரூப்ல, புதுசா விட்ட ஒரு சென்ட்ரிங் வேலைக்காரத் தம்பிக்காக ஒரு ஆட்டோக்காரர் சனிக்கிழமை சாயங்காலம் சவாரியை விட்டுட்டு சைட் வாசல்ல போய் நிப்பார். ஒண்ணும் பேச மாட்டார், ஏத்திட்டுப் போய் வீட்டுக்கிட்ட மளிகைக் கடையில இறக்கி விடுவார், அந்தத் தம்பி முதல்ல அரிசி பருப்பு வாங்கிடுவான். இதை எந்த ஆஸ்பத்திரியாலயும் செய்ய முடியாது.

இன்னொரு சம்பவம், ஒரு பெயிண்டர் தம்பியோடது, அவனோட அனுமதியோட சொல்றேன். அவன் விட்டு ரெண்டு மாசம்கூட முழுசா ஆகல, ஊர்ல தாய்மாமா செத்துட்டார்னு போன். போகாம இருக்க முடியாது, மருமகன் முறை இருக்கு. போனா என்ன நடக்கும்னும் தெரியும், நம்ம ஊர் சாவு வீட்ல பந்தலுக்குப் பின்னாடி ஆம்பளைங்களுக்கு எது ஓடும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அவன் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஈ.பி.ல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆன ஒரு அண்ணனுக்கு போன் பண்ணான், விட்டுப் பல வருஷம் ஆன ஆள், அவனுக்கு ஸ்பான்சர், அதாவது வழிகாட்டி. அவர் "நீ பஸ் ஸ்டாண்ட்லயே நில்லு"ன்னு சொல்லிட்டு ஒரு துண்டை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு கூடவே கிளம்பிட்டார். செத்தவரை அவருக்கு யாருன்னே தெரியாது. சொந்தக்காரங்க கேட்டா கூட வேலை பார்க்கறவர்னு சொல்லிக்கிட்டாங்க. ராத்திரி சித்தப்பா பையன் பிளாஸ்டிக் கப்பை நீட்டி "மாமாவுக்காக ஒரு வாய்டா"ன்னு நிக்கறான், இவனுக்கு கை நீண்டுடுச்சாம். ஈ.பி. அண்ணன் ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து சாதாரணமா "தம்பிக்கு மாத்திரை ஓடுதுப்பா, டாக்டர் கூடாதுன்னுட்டார், எங்க ரெண்டு பேருக்கும் டீ கிடைக்குமா"ன்னு கேட்டாராம், அவ்ளோதான். சண்டை இல்ல, பிரசங்கம் இல்ல. விடியற வரைக்கும் ரெண்டு பேரும் பந்தல்லயே உக்காந்திருந்துட்டு, காலைல காடு வரைக்கும் போய், குளிச்சுட்டு முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டாங்க. "அந்த ராத்திரி என்னால தனியா தாண்டியிருக்க முடியாது சிஸ்டர்"னு அவன் இப்பவும் சொல்றான்.

இப்ப அந்த பதினோரு மணி போனுக்கு வர்றேன். குடியை விட்டவங்களுக்கு ராத்திரித் தூக்கம் சரியாக பல மாசம் ஆகும். எல்லாரும் தூங்கின அப்புறம் முழிச்சுக் கிடக்கற அந்த நேரம்தான் குடிக்கற ஆசை பேயா பிடிக்கற நேரம். அப்ப போன் எடுக்கறதுக்கு ஒரு ஆள் வேணும். இந்த ஏ.ஏ.ங்கற அமைப்பே ஒரு போன்கால்ல இருந்து பிறந்ததுன்னா நம்புவீங்களா? 1935 மே மாசம், அமெரிக்காவுல ஆக்ரன்ங்கற ஊர்ல மேஃபிளவர் ஹோட்டல் வராண்டாவுல பில் வில்சன்னு ஒருத்தர் நிக்கறார், குடியை விட்டு அஞ்சாறு மாசம், வந்த வியாபாரம் ஊத்திக்கிச்சு, பாக்கெட்ல காசு கொஞ்சம்தான், ஒரு பக்கம் பார்ல இருந்து சிரிப்புச் சத்தம் கேக்குது. அவர் பார் பக்கம் போகாம போன் பக்கம் போய், அங்க போட்டிருந்த சர்ச் லிஸ்டைப் பார்த்து ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, பேசறதுக்கு இன்னொரு குடிநோயாளி வேணும்னு கேட்டார். அப்படிக் கிடைச்சவர்தான் டாக்டர் பாப் ஸ்மித்னு ஒரு சர்ஜன். கால் மணி நேரம்தான் இருப்பேன்னு சொல்லிட்டு வந்த டாக்டர் ராத்திரி வரைக்கும் பேசிட்டிருந்தார். அவர் கடைசியா குடிச்ச ஜூன் 10, 1935ஐத்தான் அமைப்போட பிறந்தநாளா வச்சிருக்காங்க. இதுல எனக்குப் பிடிச்சது, பில் அந்த போனைப் பண்ணது டாக்டரைக் காப்பாத்த இல்ல, தன்னைக் காப்பாத்திக்க. உங்க வீட்டுக்காரருக்கு ராத்திரி வர்ற போன் ஒருவேளை அவருக்கு உதவி பண்ண வர்றதா இல்லாம, இன்னொருத்தன் அவர்கிட்ட உதவி கேட்டு வர்றதா இருக்கலாம். நாலு மாசத்துக்கு முன்னாடி எந்த வேலைக்கும் லாயக்கில்லன்னு எல்லாரும் சொன்ன ஆளை ஒருத்தன் நம்பி நடுராத்திரி கூப்பிடறான்னா அது அவருக்கு என்ன மாதிரி மருந்துன்னு யோசிச்சுப் பாருங்க.

இது வெறும் என் நம்பிக்கை மட்டும் இல்ல. 2020ல, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து வச்சு அலசுற காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரை வச்சு சீர்தூக்கிப் பார்த்தாங்க. முழுசா குடிக்காம இருக்கறதுல, ஏ.ஏ.வுக்கு முறையா அனுப்பி வைக்கற சிகிச்சை மத்த நல்ல கவுன்சிலிங் முறைகளை விட முன்னாடி இருக்குன்னு வந்துச்சு. அது எப்படி வேலை செய்யுதுன்னு தேடினவங்க முக்கியமா கண்டுபிடிச்ச விஷயம், சுத்தி இருக்கற ஆளுங்க மாறிடறாங்கங்கறதுதான். குடிக்கற நட்பு குறையுது, குடிக்காத நட்பு கூடுது. நம்ம நாட்டுல 2019ல வந்த மத்திய அரசு சர்வே குடிக்கு அடிமையானவங்க 2.9 கோடி பேருன்னு சொல்லுது, அதுல 38 பேர்ல ஒருத்தருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைச்சிருக்கு. அப்படி இருக்கறப்ப, காசு வாங்காம தினமும் சாயங்காலம் திறந்திருக்கற ஒரு இடம் எவ்ளோ பெரிய விஷயம்.

ஆனா எல்லாமே தங்கம்னு சொல்ல மாட்டேன். கவனிக்க வேண்டியதும் இருக்கு. ரெண்டு பேருமே விட்டு ஒரு மாசம்தான் ஆன ஆளுங்க, அவங்களுக்குள்ள மட்டும் ஒட்டிக்கிட்டா கவலைப்படுங்க, ஒருத்தர் வழுக்கினா இன்னொருத்தரும் சேர்ந்து போயிடுவார். கூட குடியை விட்டுப் பல வருஷம் ஆன பழைய ஆள் ரெண்டு மூணு பேராவது இருக்கணும். கடன் குடுக்கல் வாங்கல் உள்ள வந்துச்சுன்னா நட்பும் போகும், மீட்டிங்கும் போகும், இது நான் திரும்பத் திரும்பப் பார்த்தது. "இறைவன் மேல பாரத்தைப் போட்டுட்ட, இனி மாத்திரை எதுக்கு"ன்னு யாராவது சொன்னா அதை மட்டும் கேக்கவே கூடாது. மருந்து விஷயத்துல யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாதுங்கறது ஏ.ஏ.வோட கொள்கையே. தூக்கத்துக்கோ மனச்சோர்வுக்கோ குடுத்த மாத்திரையை நிறுத்தறது டாக்டர் முடிவு. கடவுள் பேச்சே ஒத்து வராதுங்கறவங்களுக்கு ஆஸ்பத்திரியிலயே ஃபாலோ-அப் குரூப் நடக்கும், அங்க போகலாம், கூட்டாளி இருக்கணும்ங்கறதுதான் முக்கியம். பெண்கள் குடிநோயோட வந்தா இன்னும் கஷ்டம், ஆம்பளைங்க நிறைஞ்ச அறையில வாயைத் திறக்கவே முடியாது, முடிஞ்சவரைக்கும் இன்னொரு பெண்ணைத் தேடிப் பிடிச்சு சேர்த்து வைக்கணும்.

கூட்டாளி ஒருத்தர் மறுபடி குடிச்சுட்டார்னு கேள்விப்பட்டா உடனே "இனிமே அங்க போகாதீங்க"ன்னு சொல்லிடாதீங்க. அது நடக்கத்தான் செய்யும். அவங்க என்ன பண்ணுவாங்கன்னா, ரெண்டு பேரா சேர்ந்து அவர் வீட்டுக்குப் போவாங்க (தனியா போக மாட்டாங்க), உள்ள உக்காந்து அவர் பொண்டாட்டி கையால ஒரு தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, நாளைக்கு மீட்டிங் இருக்கு வான்னு மட்டும் சொல்லிட்டு வருவாங்க. வந்தா பழையபடி பெஞ்சுல இடம் இருக்கும், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.

சரி, உங்க விஷயம். பதினஞ்சு வருஷம் அடி வாங்கி, கடன் கட்டி, ஸ்கூல்ல பொய் சொல்லி குடும்பத்தை இழுத்துட்டு வந்தது நீங்க. இப்ப அவர் சிரிச்ச முகம் டீக்கடைக்குப் போகுது, அசந்த முகம் வீட்டுக்கு வருது. இதுக்குக் கோபம் வரலன்னாதான் ஆச்சரியம். இதே கோபத்தை எத்தனையோ மனைவிங்க என் மேஜைக்கு எதிர்ல உக்காந்து அழுது சொல்லியிருக்காங்க. அவர் குடும்பத்தை விட்டுட்டு அவங்களைப் பிடிச்சுக்கிட்டார்னு நினைக்காதீங்க. உங்க முன்னாடி அவருக்குக் கூச்சம், பண்ணது எல்லாம் உங்க கண்ணுல தெரியுது, அங்க அது இல்லாம நிக்க முடியுது. நிமிர்ந்து நிக்கப் பழகின அப்புறம்தான் உங்க முகத்தை நேரா பார்க்க வரும், சிலருக்கு அதுக்கு ஒரு வருஷம்கூட ஆகும்.

அதுவரைக்கும் நீங்க சும்மா காத்திருக்கணும்னு சொல்லல. வாரத்துல ஒரு சாயங்காலம் வீட்டுக்குன்னு கேட்டு வாங்குங்க, சண்டையா கேக்காம, அவர் ஸ்பான்சரையும் வச்சுக்கிட்டே கேளுங்க, நல்ல ஸ்பான்சர்னா உங்க பக்கம்தான் பேசுவார். ஓப்பன் மீட்டிங்னு ஒண்ணு நடக்கும், அதுக்குக் குடும்பமும் வரலாம், ஒரு தடவை போய்ப் பின்னாடி பெஞ்சுல உக்காந்து கேட்டுட்டு வாங்க. ஒரு வருஷம் ஆனா பர்த்டேன்னு கேக் வெட்டி மெடல் குடுப்பாங்க, மனைவியையும் பேசச் சொல்லுவாங்க. நான் பார்த்த ஒரு அம்மா மைக்கைப் பிடிச்சு "இவர் மாறிட்டார்னு எல்லாரும் சொல்றீங்க, நான் இன்னும் முழுசா நம்பல, ஆனா இப்பல்லாம் ராத்திரி கதவைத் தாழ் போட்டுட்டுத் தூங்கறேன்"னாங்க. ஹால்ல கை தட்டல் நிக்கவே இல்ல, அவர் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் தட்டினார்.

உங்களுக்குன்னு தனியா அல்-அனான் இருக்கு, குடிநோயாளிங்களோட குடும்பத்துக்கு மட்டுமான குரூப், பில் வில்சனோட மனைவி லோயிஸ் இன்னொரு பெண்ணோட சேர்ந்து 1951ல ஆரம்பிச்சது. கணவருங்க ஒரு அறையில மீட்டிங்ல இருக்கறப்ப வெளிய காத்திட்டிருந்த மனைவிங்க தங்களுக்குள்ள பேச ஆரம்பிச்சதுதான் அதோட வேர். நம்ம சென்னையில 1980ல டி.டி.ரங்கநாதன் பேர்ல குடிநோய் மருத்துவமனையை ஆரம்பிச்ச சாந்தி ரங்கநாதன் அவங்களும் குடிக்குக் கணவரைப் பறிகொடுத்தவங்கதான். அங்க ஆரம்பத்துல இருந்தே குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. நீங்க இதுல வேடிக்கை பார்க்கற ஆள் இல்ல, உங்களுக்கும் கூட்டாளி வேணும்.

மாநாட்டுக்குத் தாராளமா அனுப்புங்க. யார் யார் போறாங்க, பழைய ஆள் ஒருத்தரோட நம்பர் என்ன, எங்க தங்கறாங்கன்னு கேட்டு வச்சுக்குங்க, மாத்திரையை ரெண்டு நாளுக்கும் சேர்த்துக் கட்டிக் குடுங்க. குடும்பத்தோட வர்றவங்களும் உண்டு, அடுத்த தடவை நீங்களும் வேன்ல ஏறலாம்.

கடைசியா ரெண்டு விஷயம், இது உயிர் சம்பந்தப்பட்டது. "கணவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தும் பவுடர்"னு வர்ற விளம்பரத்தை நம்பி சாப்பாட்டுல எதையும் கலந்துடாதீங்க. அதுல டைசல்ஃபிரம்னு குடியோட சேர்ந்தா ஒத்துக்காத மருந்து இருந்து, அவர் தெரியாம குடிச்சா பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அப்புறம், அவர் எப்பவாவது மறுபடி தொடர்ந்து குடிக்க ஆரம்பிச்சா, வீட்ல பூட்டி வச்சு நிறுத்தப் பார்க்காதீங்க, நிறுத்தின முதல் சில நாள்லதான் வலிப்பும் ஜன்னியும் வரும். நேரா அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க, இல்ல 14446ங்கற தேசிய போதை மீட்பு எண்ணைக் கூப்பிடுங்க, காசு கிடையாது. உங்களுக்கே மனசு தாங்கலன்னா 14416, டெலி மானஸ், தமிழ்லயே பேசுவாங்க. அந்த ரெண்டு நம்பரையும், அவரோட ஸ்பான்சர் நம்பரையும் இப்பவே உங்க போன்ல போட்டு வச்சிடுங்க.